யாரோ வீட்டுப் பெரியவர்

புது வீட்டுக்குக் குடிவந்த அன்று மாமனார் மொட்டைமாடிக்கு ஏறிப்போய், நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னமும் கண்ணில் நிற்கிறது. காப்பி கொண்டுபோன என்னிடம், "மலைக்கோட்டை எங்க தாயி? காணலையே" என்றார். எதிரே எழும்பிக்கொண்டிருந்த மாடிக் கட்டடம் அதை மறைத்திருந்தது. "அதுக்குப் பின்னாலதான் மாமா இருக்கு" என்றேன். "பின்னால இருந்து என்ன செய்ய?" என்றபடி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

திண்டுக்கல்காரர்களுக்கு அந்தப் பாறைதான் திசை. எந்தச் சந்தில் நின்றாலும் தலையைத் தூக்கினால் ஊர் பிடிபட்டுவிடும். மாமா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேகம்பூர் வாடகை வீட்டிலிருந்து டீ குடிக்கக் கிளம்பினால் திரும்ப வெகுநேரமாகும். வழியெல்லாம் "என்ன கண்டக்டரே" என்று யாராவது நிறுத்திவிடுவார்கள். அத்தை இறந்தபின் அவரைத் தனியே விட மனமில்லாமல், நத்தம் சாலைப் பக்கம் நாங்கள் கட்டிய வீட்டுக்கு அழைத்துவந்தோம். முன்பு சோளமும் கத்தரியும் விளைந்த சமவெளி. இப்போது ஒரே அகலத்தில் தெருக்கள், ஒரே மாதிரி இரும்புக் கேட்டுகள். வத்தலக்குண்டிலிருந்து வந்தவர்கள், நத்தத்திலிருந்து வந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகக் காடு கழனியை விட்டு வந்தவர்கள். மாநகராட்சியில் கேட்டால் பஞ்சாயத்து என்பார்கள். பஞ்சாயத்தில் கேட்டால், சீக்கிரம் மாநகராட்சியில் சேர்ந்துவிடும் என்பார்கள். தெருக்களுக்குப் பெயர்கூட வைக்கப்படவில்லை. "இம்புட்டு சனம் இருக்கு, ஒரு பேச்சுச் சத்தம் கேக்கலையே" என்பார் மாமா.

ஒரு கோடையில், நானும் கணவரும் வேலைக்குப் போயிருந்தபோது, அவர் டீக்கடை தேடிக் கிளம்பியிருக்கிறார். மாலையில் வந்து பார்த்தால் கதவு வெறுமனே சாத்திக் கிடந்தது. செல்போன் கட்டில்மேல் இருந்தது. கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு பேகம்பூருக்கும் பஸ் நிலையத்துக்கும் ஓடினார். நான் வீடு வீடாகக் கேட்டேன். கேட்டைத் திறந்தவர்கள், "நீங்க எந்த வீடு?" என்று என்னைத்தான் விசாரித்தார்கள்.

கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். வேறொரு தெருவில், எங்கள் வீட்டைப் போலவே பச்சைக் கேட் போட்ட, பூட்டிய வீட்டின் வாசற்படியில். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "எம்புட்டு நேரம் தாயி? நீங்க வந்து தொறப்பீகன்னு உக்காந்திருக்கேன்" என்றார்.

எதிர்வீட்டுப் பெண் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். "காலைல இருந்து பாக்குறேன்க்கா. அந்த வீட்டுப் பெரியவருன்னு நெனச்சேன்" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

வெயில் தாக்கிச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் மாமா வாசலைத் தாண்டவில்லை. நடந்துவிட்டு வரலாம் என்று கணவர் கூப்பிட்டபோதெல்லாம், "வேணாம்ப்பு, எல்லாம் ஒண்ணுபோல இருக்கு" என்றார். பேகம்பூரில் வீடு தேடத் தொடங்கியிருந்தோம். அது அமைவதற்குள், ஐப்பசி மழைக்கு முன்பே, போய்விட்டார்.

உடலை எடுத்துப் போனபின் நான் முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேர்த்து விறுவிறுத்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பூ மார்க்கெட் ஆட்கள். வருஷக்கணக்காக மாமாவின் பஸ்ஸில் கூடைகளோடு ஏறி இறங்கியவர்கள். முன்னால் வந்த பெரியவர் கையில் கனமான சம்பங்கி மாலை. ஈரத் தரையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எடுத்துட்டீகளா? மத்தியானத்துல இருந்து இங்கனயேதான் சுத்துறோம் தாயி. கண்டக்டர் வீடு எதுன்னு கேக்காத வாசல் இல்ல. அப்படி ஒரு ஆளே இங்க இல்லைங்குறாக."

மயானத்துக்கு வழி கேட்டார். எந்தத் தெருவில் திரும்பி எந்தத் தெருவில் போக வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மாலையை இரண்டு கையிலும் ஏந்தியபடி அவர் நின்றுகொண்டே இருந்தார்.