அப்சானா எடுத்த மின்னல்

சிவகாசியில் கல்யாண ஆல்பம் போடுகிறவர்களிடம் 'மழை எடுக்கிற அக்கா' என்று கேட்டால் அப்சானாவைத்தான் காட்டுவார்கள். அழகுராஜா நடத்தும் கலர் லேபில் அவள் பல வருடமாக வேலை பார்த்தாள். மழைக்காலத்து முகூர்த்தப் படங்கள் நேராக அவள் மேசைக்குத்தான் வரும். மணப்பெண்ணின் நெற்றியில் விழுந்த தூறல், லென்சில் ஒட்டிய துளி, பட்டுச்சேலையில் ஈரத்திட்டு, மாப்பிள்ளைக்குப் பின்னால் யாரோ விரித்திருக்கும் கறுப்புக் குடை எல்லாவற்றையும் எடுத்துவிடுவாள். சாம்பல் வானத்தை உரித்துப் போட்டுவிட்டு நீல வானம் வைப்பாள். கைபட்ட இடம் தெரியாது.

"அரிசி தின்ன பிள்ளைக கல்யாணத்துல மழை பெய்யும்பாக. நம்ம அப்சானா இருக்க வரைக்கும் எம்புட்டு வேணும்னாலும் தின்னுங்க" என்று அழகுராஜா வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் புருஷன் சாபிர் வேன் ஓட்டினான். காலையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றி, ஆனைக்குட்டத்துக்கு அப்பால் கரிசல் காட்டுக்குள் இருந்த கனகசபாபதியின் பட்டாசுக் கம்பெனியில் இறக்குவான். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவான். பொண்டாட்டி வேலையைக் கேலி பேசுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. "எங்க காட்டுக்கு வர்ற மழையையும் நீதான் எடுத்துட்டியா? ஒரு சொட்டு விழ மாட்டேங்குது" என்பான். பிள்ளை இல்லை. வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சாபிரின் தாயார் சம்சாத்தும்தான்.

அந்த ஆவணியில் கனகசபாபதி தன் ஒரே மகள் ரோஷினிக்குக் கல்யாணம் வைத்தார். வரவேற்பு ஆனைக்குட்டம் போகும் சாலையில், திறந்த மைதானத்தில். போட்டோ வேலை அழகுராஜாவுக்குக் கிடைத்ததால் அப்சானாவுக்கும் பத்திரிகை வந்தது. கம்பெனிக்கு அன்று லீவு என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் தீபாவளி சீசன். வடக்கே போக வேண்டிய ஒரு லோடு முடியாமல் கிடந்தது. ஒரு ஷெட்டில் மட்டும் சில பெண்களை வரச் சொல்லியிருந்தார்கள்.

"நீ லேப் அண்ணாச்சி கார்ல போயிரு. நான் இவுகள இறக்கி விட்டுட்டு நேரா பந்திக்கு வந்துர்றேன்" என்று சாபிர் போனில் சொன்னான். அவனுக்குத் தேய்த்த சட்டையை அப்சானா ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மேற்கே கறுத்தது. தூறல் விழுந்தும் மேடையில் யாரும் அசையவில்லை. ரோஷினியும் மாப்பிள்ளையும் கைகோத்து நிற்க, போட்டோகிராபர் கீழே உட்கார்ந்து குறிவைத்தபோது, அவர்கள் தலைக்குப் பின்னால் வானத்திலிருந்து தரைவரை ஒரு மின்னல் இறங்கியது. வெள்ளையாக, வேர்விட்ட மாதிரி, ஒரு நொடி நின்று போயிற்று. காமிரா அதைப் பிடித்துவிட்டது. மேடைப் பக்கத்துப் பெரிய திரையில் படம் வந்ததும் கூட்டம் 'ஓ' என்று கத்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். மேடையோரத்தில் நின்ற அப்சானா மின்னல் விழுந்தபோதே சிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த சத்தத்தை இடி என்றார்கள். இன்னும் சில சத்தங்கள் வந்தன. அவற்றை மாப்பிள்ளை வீட்டு வெடி என்றார்கள்.

கனகசபாபதி மேடையிலேயே போனை எடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குடும்பத்தோடு நின்று படத்துக்குச் சிரித்தார். பாட்டுக் கச்சேரி நிற்கவில்லை. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகுதான் அப்சானாவுக்கு விஷயம் வந்தது. ஷெட் எரிந்துவிட்டது, வேனும் எரிந்துவிட்டது, சாபிரும் இரண்டு பெண்களும் உள்ளேயே முடிந்துபோனார்கள்.

தப்பியது ஆவுடைத்தாய் என்ற பெண் மட்டும். கையிலும் கழுத்திலும் கட்டோடு துக்கம் கேட்க வந்தவள், சம்சாத்தின் காலடியில் உட்கார்ந்து சொன்னாள்.

"மின்னல் வெட்டவும் எங்கள வெளிய போகச் சொல்லிட்டாக பாட்டி. வெட்டவெளியில நடக்கப் பயந்து நாங்க வாசல்லயே நிக்கோம். உங்க மகன்தான், பயப்படாதீக, நான் வண்டிய கிட்ட கொண்டாரேன்னு சொல்லிக் கம்பெனி கேட்டத் தாண்டி உள்ள வந்தாரு. நான் முந்தி ஓடியாந்து வண்டிகிட்ட நின்னேன். மத்த ரெண்டு பேரையும் கூட்டியாற அவரு வாசலுக்குப் போனாரு. வெள்ளை வெளேர்னு ஷெட்டு மேலயே விழுந்துச்சு."

ஆனால் ஊருக்குள் வேறு பேச்சு ஓடியது. வண்டியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று போர்டே இருக்கிறது, டிரைவர் கேட்கவில்லை, சைலன்சரில் பறந்த பொறிதான் பிடித்துக்கொண்டது என்று கம்பெனியில் சொன்னார்கள். மின்னல் என்றால் ஷெட்டுக்கு இடிதாங்கி உண்டா, லீவு நாளில் வேலை எதற்கு என்ற கேள்விகள் கம்பெனி பக்கம் திரும்பும். மின்னலா? அன்றைக்கு வெறும் தூறல்தானே என்று, அந்த மைதானத்தில் நின்று கைதட்டியவர்களே சொன்னார்கள். செத்த பெண்களின் வீட்டார் சம்சாத்தைக் கண்டால் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அப்சானா, புருஷனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலையில் அழகுராஜா வந்தார். கூட ஒரு ஆள் சிஸ்டத்தைத் தூக்கி வந்து வாசலில் வைத்தான். அழகுராஜா நிலைப்படிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்சானா திரைக்குப் பின்னால் நின்றாள்.

"கேக்கவே நாக்கூசுதும்மா. ஆனா உன்ன விட்டா ஆள் இல்ல."

"என்ன அண்ணாச்சி?"

"முதலாளி வீட்டு ஆல்பம். அந்தப் படத்துல இருக்க மின்னல எடுக்கணும்கிறாக."

அழகுராஜாவே தொடர்ந்தார்.

"சாத்தூர்ல ஒருத்தன்ட்ட குடுத்துப் பாத்தேன். மின்னல எடுத்துட்டான். பொண்ணு மூஞ்சில அந்த வெளிச்சம் மட்டும் அப்படியே நிக்கிது. பேயறஞ்ச மாதிரி இருக்கு. முதலாளியம்மா ஆல்பத்தத் தூக்கி எறிஞ்சிட்டாக."

"எதுக்கு எடுக்கணுமாம்?"

"பாக்குறப்பல்லாம் மனசு கஷ்டப்படும்ல அவுகளுக்கு."

சம்சாத் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு, என்ன வேலை?" என்றாள். "கல்யாணப் படம் மாமி" என்றாள் அப்சானா. பிறகு திரைக்கு இந்தப் பக்கமிருந்தே, "வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றாள்.

அழகுராஜா அவளை மனசுக்கு ஒவ்வாத வேலைக்குப் பணிய வைத்துவிட்டதாக நினைத்திருக்கலாம். அவளுக்கோ அந்தப் படத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. சாபிர் உயிரோடு இருந்த கடைசி நேரம் அதில்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் திரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு, சம்சாத் கண்ணில் படாமல் திறந்தாள். ரோஷினியின் தோளுக்குப் பின்னால், கரிசல் காட்டில், மின்னல் தரையைத் தொடும் இடத்தைப் பெரிதாக்கினாள். மரங்கள் வந்தன. இன்னும் பெரிதாக்கினாள். ஷெட்டுமில்லை, வேனுமில்லை. கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறம்தான் வந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வேலையைத் தொடங்கினாள். மின்னலை வானத்திலிருந்து எடுப்பது சின்ன வேலை. அதன் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் எடுக்க வேண்டும். ரோஷினியின் கன்னத்து ஓரம், ஒட்டியாணத்துக் கற்கள், மாப்பிள்ளையின் கண்ணாடி, நனைந்த கம்பளம், சாம்பார் வாளியோடு நின்ற ஆளின் வழுக்கைத் தலை. ஒவ்வொன்றாகத் தணித்துக்கொண்டே ஓரத்துக்கு வந்தபோது, அங்கே அவளே நின்றாள். வாய் திறந்து சிரித்தபடி, இரண்டு கையும் சேர்ந்த நிலையில். கையில் சாபிரின் சட்டை இருந்த பை தொங்கியது. முகத்தில் பாதி வெள்ளையாக இருந்தது.

அந்த வெளிச்சத்தையும் எடுத்தாள்.

முடித்ததும் அழகுராஜா பார்த்துவிட்டு, "மூலப் படத்த அழிச்சிரும்மா, காமிரா கார்டையும் அழிச்சாச்சு" என்றார். அழித்துவிட்டேன் என்றாள். அதற்கு முன்பே தன் போனுக்கு ஏற்றியிருந்தாள்.

இத்தா முடிந்த பிறகு விருதுநகரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி சார்பில் மேனேஜர் கதிரவன் வந்திருந்தார். ஆவுடைத்தாயும் வந்திருந்தாள். அவளிடம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க. சத்தம் கேட்டுச்சு, விழுந்துட்டேன்" என்றாள். அவள் மறுபடி அதே கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்சானா போனில் இருந்த படத்தை அதிகாரியிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். கதிரவன் ஆல்பத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதே மேடை, அதே சிரிப்பு, பின்னால் அமைதியான சாம்பல் வானம்.

"இதுல மின்னல் இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"நாந்தான் சார் எடுத்தேன்."

"யார் எடுக்கச் சொன்னது?"

"லேப் அண்ணாச்சி. முதலாளி வீட்டுல சொன்னாகன்னு."

"சார், நாங்க ஆல்பத்துக்கு ஆர்டர் குடுத்தோம், அம்புட்டுத்தான். எதையும் எடுக்கவும் சொல்லல, வைக்கவும் சொல்லல. அழகுராஜா எழுதியே குடுத்திருக்காரு" என்றார் கதிரவன்.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. இரண்டையும் பொறுமையாக மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"உங்க வேலை என்னம்மா?"

"கல்யாணப் படத்துல மழை, மூட்டம், குடை இதெல்லாம் எடுக்கிறது சார்."

"எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு வைக்கவும் தெரியுமா? இல்லாத மின்னல வைக்க முடியுமா?"

"முடியும் சார்."

"இதே மாதிரி? கண்டுபிடிக்க முடியாதபடி?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் பொய் சொன்னால் மிச்சம் சொன்னதும் பொய்யாகிவிடும் என்று பயந்தாள்.

"முடியும் சார்" என்றாள்.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேறு எந்த லேபிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலாளி மேல் பிராது சொன்னவள் என்று தயங்கினார்கள். கனகசபாபதியே அழகுராஜாவிடம், "புருஷன இழந்தவ. பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெருந்தன்மையை ஊரே மெச்சியது. அப்சானா பழைய நாற்காலிக்கே போனாள்.

பங்குனியில் ஒரு நாள் ரோஷினி லேபுக்கு வந்தாள். பெங்களூரிலிருந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்சானாவின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, ஒரிஜினல் உங்ககிட்ட இருக்காமே. கதிரவன் அங்கிள் சொன்னாரு."

"எதுக்கும்மா?"

"பெங்களூர் வீட்டு ஹால்ல பெருசா மாட்டணும்க்கா. அங்க யாருக்கும் எதுவும் தெரியாது. அத விட்டா என் கல்யாணத்துல வேற நல்ல படமே இல்ல."

"அது நான் செஞ்ச மின்னல்னு சொல்றாகளே."

"அய்யோ, நீங்க வேற. நான் திரும்பிப் பாத்தேன்ல? எனக்குப் பின்னாடியே இறங்குச்சு. ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"இத ஒரு வார்த்தை விருதுநகர்ல வந்து சொல்லியிருக்கலாமே."

ரோஷினி தன் வளையலைத் திருகினாள். "அப்பா விட மாட்டாங்கக்கா. புரிஞ்சுக்கோங்க." கொஞ்சம் கழித்து, நிஜமான ஆசையோடு, "பிரேமுக்குத் தகுந்த மாதிரி பெருசாப் போட்டுத் தருவீங்களா?" என்றாள்.

பின்னால் அழகுராஜா நின்றுகொண்டிருந்தார். "போட்டுக் குடும்மா" என்றார்.

அப்சானா படத்தை ஏற்றினாள். ஓரத்தில் கைதட்டிக்கொண்டிருந்த தன்னை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பந்தல் துணியை நிரப்பினாள். அதை யாரும் சொல்லவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. மின்னலை அப்படியே விட்டு அச்சடித்துக் கொடுத்தாள். ரோஷினி அவள் கையைப் பிடித்து, "உங்கள மாதிரி யாருக்கும் வராதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்திரையில் விசாரணை முடிவு வந்தது. விதியை மீறி வாகனத்தை உள்ளே கொண்டுசென்ற ஓட்டுநரின் கவனக்குறைவு என்று இருந்தது. அப்சானா அதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினாள். சம்சாத் அழவில்லை. அழுகை எப்போதோ தீர்ந்திருந்தது.

"வண்டிய அவன் உள்ள கொண்டு போகாம இருந்திருக்கலாம்ல?" என்றாள். "அந்த ரெண்டு பொம்பளைகளுக்கும் சேத்துல்ல நாம அல்லாட்ட பதில் சொல்லணும்."

"மாமி, அந்த ஆவுடைத்தாய் உங்க காலடியில உக்காந்து சொன்னது மறந்துருச்சா?"

"துக்க வீட்டுல ஆளுக்கொண்ணு சொல்லுவாக. பெரிய ஆபீசருக பாத்து எழுதியிருக்காகள்ல."

அதுவரை அந்தப் படத்தைச் சம்சாத்திடம் அவள் காட்டியதே இல்லை. தாங்க மாட்டாள் என்று மறைத்து வைத்திருந்தாள். இப்போது போனை எடுத்துப் படத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். மின்னல் தரையில் இறங்கும் இடத்தை விரலால் காட்டினாள்.

"அங்கதான் மாமி உங்க மகன் இருந்தாரு. அந்த நேரத்துல எடுத்த படம் இது."

சம்சாத் போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்படியே நெசம் மாதிரி இருக்கு. நீ செஞ்சதாம்மா?" என்றாள்.

"இல்ல மாமி."

சம்சாத் நம்பாமல், ஆனால் பிரியமாகத் தலையை ஆட்டினாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யக் குழாயடிக்குப் போனாள்.