மூன்று சாடிகளில் மூன்று வாளை

நம் வீட்டு நடு அறையில், கிழக்குச் சுவரோரம் மட்டும் சீமெந்து வேறு நிறமாக இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டிலை நகர்த்திக் கூட்டும்போது கண்ணில் படும். அந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. பத்தடி நீளம், ஆறடி அகலம், இறங்கி நின்றால் இடுப்பளவு ஆழம். முதலில் அது கிணற்றடியில் குளிப்பதற்காகக் கட்டிய தொட்டிதான். உங்கள் உம்மாவுக்குக் கலியாணம் பேசியபோது வீட்டைப் பின்பக்கமாக நீட்டினார்கள். நம் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தானே, மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். நீட்டிய இடத்தில் தொட்டி குறுக்கே நின்றது. உடைத்துவிடுவோம் என்றார் மேசன். உங்கள் மூத்தவாப்பா, அதாவது என் மாமா, சம்மதிக்கவில்லை. சுவரைத் தொட்டிக்கு அப்பால் தள்ளிக் கட்டச் சொன்னார். அப்படித் தொட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. உங்களில் மூத்தவன் தவழத் தொடங்கிய மாதத்தில், யாரும் கேட்காமலே, அவரே அதை மண் போட்டு நிரப்பிச் சீமெந்து பூசினார். நான் எழுத வந்தது அதற்கு முந்திய கதை.

அவர் தொட்டியை உடைக்க விடாததற்குக் காரணம் அதற்குள் இருந்த மூன்று வாளை மீன்கள். கடல் வாளை இல்லை, குளத்து வாளை. செதில் கிடையாது. நீண்ட மீசை, கண்ணுக்குப் பின்வரை கிழிந்த வாய், வாய் நிறைய அரம் போலப் பல். ஒரு கோடையில் குளம் வற்றியபோது, மாமாவின் வயலுக்குப் பக்கத்து வயல்காரரான வீரமுனைக் கூட்டாளி ஒரு வாளிக்குள் போட்டு அனுப்பிய குஞ்சுகள் அவை. கறிக்கென்று அனுப்பியது. நாளைக்கு ஆக்குவோம், நாளைக்கு ஆக்குவோம் என்று மாமா தள்ளிக்கொண்டே போனதில் நாலு வருடம் ஆகிவிட்டது. நான் மாப்பிள்ளையாக வந்தபோது ஒவ்வொன்றும் என் கை நீளம். மூத்தவன், நடுவிலான், கடைக்குட்டி என்று அவற்றுக்குப் பெயர்.

குளத்து வாளை ஒன்றோடொன்று சேர்ந்து இருக்காத மீன். தன் இனத்தையே விழுங்கும். அதை மூன்றாக ஒரே தொட்டியில் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டவர்கள் சிரிப்பார்கள். மாமா வாய் உடைந்த மூன்று பெரிய சாடிகளைத் தொட்டிக்குள் மூன்று மூலையில் சரித்துப் போட்டிருந்தார். ஒரு சாடியின் வாய் இன்னொரு சாடியைப் பார்க்காது. பகல் முழுக்க ஒவ்வொன்றும் தன் சாடிக்குள் கிடக்கும், மீசை மட்டும் வெளியே தெரியும். “குமருக்கு ஒரு வீடு குடுக்கிறமா இல்லியா? அதே கணக்குத்தான்” என்பார் மாமா, கலியாண வயதுப் பெண்ணைச் சொல்லி. மாமி உள்ளே இருந்து சொல்லுவா: “குமருக்கு வீடு கட்டக்குள்ள இவ்வளவு யோசிக்கல்ல இந்த மனிசன். சாடிய எந்தப் பக்கம் திருப்பிற எண்டு மூணு நாள் யோசிச்ச.”

இந்தக் காலத்தில் மாப்பிள்ளைமார் மாமனாரோடு ஒரே கதிரையில் நெருங்கி இருந்து கிரிக்கெட் பார்க்கிறார்கள். சந்தோசமாகத்தான் இருக்கிறது. அன்று நாங்கள் அப்படி இல்லை. நான் அறைக்குள் வந்தால் மாமா எழும்பி வெளியே போவார். மரியாதை அது. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், நான் பக்கத்தில் நிற்கும்போதே, “மருமகன் தேத்தண்ணி குடிச்சாரா எண்டு கேளு புள்ள” என்று உங்கள் உம்மாவிடம் கேட்பார். நானும் “குடிச்ச எண்டு சொல்லுங்க” என்பேன். மீன்களிடம்தான் அவர் வாய் திறந்து கதைப்பார். தொட்டிக் கட்டின் மேல் இருந்துகொண்டு வயல், மழை, லொறிக்காரனின் ஏமாற்று எல்லாவற்றையும் சொல்லுவார். பக்கத்து அறையில் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவரை நான் அறிந்தது அப்படித்தான்.

அந்த வருடம் சிறுபோக நெல் வெட்டும் நோன்பு மாதமும் ஒன்றாக வந்தன. மாமா வயலில் காவலுக்குப் போட்ட வாடியில் தங்கப் புறப்பட்டார். போகும்போது வாசலில் நின்று மகளிடம் சொன்னார்: “மீன் பொறுப்பு மருமகனுக்கு எண்டு சொல்லு. பகல்ல தீன் குடுக்கச் சொல்லு.” உங்கள் உம்மா திரும்பி என்னிடம் அப்படியே சொன்னா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வீட்டில் என்னை நம்பி அவர் தந்த முதல் பொறுப்பு அது. ஏன் பகலில் என்று கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது? அவருடைய சைக்கிள் மதகைத் தாண்டிவிட்டது.

வழக்கமாக மாமி பதினொரு மணியளவில் மீன் ஆய்ந்து கழுவுவா, அந்தக் குடலும் தலையும்தான் தொட்டிக்குப் போகும். நோன்பில் பகல் அடுப்பு இல்லை. பின்னேரம் அஸருக்குப் பிறகுதான் மீன் ஆய்வார்கள். நானோ கல்முனையில் தையல்கடையில் வேலை. பெருநாள் உடுப்புத் தைக்கும் மாதம், பொழுதுபட்டு மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வீடு வருவேன். மாமி மீன் ஆயும் நேரம் பகல் என்பதால்தான் மாமா அப்படிச் சொன்னார் என நான் நினைத்துக்கொண்டேன். அதோடு, வீடே பட்டினி கிடக்கும்போது தொட்டிக்கு மட்டும் பகல் சாப்பாடு போடுவது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு, சட்டியைக் கொண்டுபோய்த் தொட்டியின் நடுவில் கவிழ்ப்பேன். “மீனுகளுக்கும் நோம்பு தொறக்கிற நேரமோ?” என்று மாமி சிரித்தா. நானும் சிரித்தேன்.

ஆறாம் நாள் விடிய, ஸஹர் முடிந்து சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அறைக்கு வந்தேன். தொட்டியில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. மூத்தவனின் வாயில் கடைக்குட்டி பாதி உடம்பு வரை போயிருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மூத்தவன் பக்கவாட்டில் மிதந்தான். சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். அந்த வாய்க்குள் கையை விட்டுக் கடைக்குட்டியை வெளியே இழுத்தேன். அது உயிரோடு இல்லை. மூத்தவன் என் மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டுத் தன் சாடிக்குள் போய்ப் பதுங்கினான்.

நான், உங்கள் உம்மா, மாமி மூன்று பேரும் தொட்டிக் கட்டைச் சுற்றி நின்றோம். உங்கள் உம்மாதான் முதலில் கதைத்தா. “வாப்பாக்குச் சொல்லாதீங்க. இந்த அளவில ஒண்டு தேடிப் புடிச்சி விடுவம்.”

“ஓம், விடுங்க பாப்பம்” என்றா மாமி. “அந்த மனிசனுக்கு என்ட மூஞ்சி மறந்தாலும் மீன்ட மீசை மறக்காது.”

எனக்குப் பயம் மீனைப் பற்றியது மட்டும் இல்லை. தொட்டியை உடைக்காமல் சுவரைத் தள்ளிக் கட்டிய மனிதர். நம்பித் தந்த முதல் பொருளை ஆறு நாளில் கொன்ற மருமகனை இனி எப்படிப் பார்ப்பார்? இந்த வீட்டில்தானே நான் வாழ வேண்டும். ஆனாலும் நோன்போடு ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? மகளிடம் சொல்லியனுப்பும் செய்தியும் இல்லை இது. அன்று கடையில் நேரத்தோடு லீவு கேட்டுக்கொண்டு, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு என் சைக்கிளை எடுத்தேன். நற்பிட்டிமுனை தாண்டி, வயல் ரோட்டில் எதிர்க்காற்று. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வழி நெடுக, எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

பொழுது சாயும் நேரம், நெல் சூடடிக்கும் களவெட்டியில் மாமா வைக்கோல் உதறிக்கொண்டு நின்றார். வீரமுனைக் கூட்டாளியும் பக்கத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் மாமாவின் முகம் வெளிறிவிட்டது. வீட்டில் யாருக்கோ ஏதோ என்று நினைத்திருக்கிறார். வழக்கம் மறந்துபோய் நேரே என்னிடமே கேட்டார்: “ஆருக்கு என்ன மகன்?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல மாமா. கடைக்குட்டி மௌத்தாப் போயிட்டு. என்ட பிழை.”

மௌத்து என்பது மனிதருக்குச் சொல்வது, மீனுக்கு அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பதற்றத்தில் வந்துவிட்டது. மாமா வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு வயல் வரம்பில் குந்தினார். எப்போது தீன் போட்டேன் என்று கேட்டார். சொன்னேன். ஏன் பகலில் போடவில்லை என்று கேட்டார். அதையும் சொன்னேன். கூட்டாளிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாமாவை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: “காக்கா, மீனையும் நோன்பு பிடிக்க வெச்சிட்டாரே உங்கட மருமகன்.”

மாமா சிரிக்கவில்லை. விளக்கிச் சொன்னார்: “பொழுதுபட்டா வாளை வீட்டில இரிக்காது மகன். வெளிக்கிட்டு அலையும். பகல்ல அவனவன் வாசல்ல அவனவன்ட பங்கப் போட்டா, ஒருத்தன்ட மூஞ்சில ஒருத்தன் முழிக்காமத் திண்டுட்டுக் கிடப்பான். இருட்டில நடுவில கொட்டினா மூணு பேரும் ஒரு சட்டிக்கு வருவான்.” பிறகு குரல் தாழ்ந்தது. “புள்ளயிட்ட பகல்ல எண்டு மட்டும் சொல்லிட்டு வந்துட்டன். ஏன் எண்டு சொல்லல்ல. நீங்க கேக்கவும் ஏலா. இது ரெண்டு பேர்ட பிழையும்தான்.”

 நான் திரும்பிப் போகச் சைக்கிளைப் பிடித்தேன். மாமா போக விடவில்லை. “நோம்போட இவ்வளவு தூரம் மிதிச்சி வந்த ஆள், இனி தொறந்துட்டுத்தான் போகணும்” என்றார். அப்போதுதான் என் மணிக்கட்டைக் கண்டார். காயம் வீங்கி, பல் பதிந்த புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன.

“வாய்க்குள்ள கைய உட்டீங்களா?”

“ஓம் மாமா. உசிரு இரிக்குமெண்டு நெனச்சன்.”

வாய்க்காலில் இருந்து தண்ணீர் அள்ளி வந்து, என்னை வரம்பில் இருத்தி, அந்தக் காயத்தை அவரே கழுவினார். தலையில் கட்டியிருந்த துவாயின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றினார். மெதுவாக, சாடியைத் திருப்பி வைப்பது போல யோசித்து யோசித்துச் சுற்றினார். நிக்காஹ் நாளில், பெண்ணைத் தந்தேன் என்று சொல்வதற்காக, ஊர் பார்த்திருக்க அவர் என் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகு பிடித்தது அந்த வரம்பில்தான். சம்மாந்துறைப் பக்கமிருந்து நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. கூட்டாளி எங்கள் இருவருக்கும் பேரீத்தம்பழத்தை நீட்டினார். மாமா வலது கையில் என் கையைப் பிடித்தபடியே அதை இடது கையில் வாங்கி, வலது கையால்தான் நோன்பு திறக்க வேண்டும் என்று பிறகுதான் நினைவு வந்து, என் கையை விட்டார்.