ஐஸ் பெட்டியில் பனிமலைப் பூ

லாபு தோட்டத்தில் எங்கள் வீட்டு "ஐஸ் பெட்டி"யைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது பெலாச்சான் என்ற இறால் விழுதின் வாடைதான். அந்த வாடைக்குள்ளேதான், ஒரு மார்ஜரின் டப்பாவின் ஈர மணலில், சுவிட்சர்லாந்து மலையில் தானாகவே பூக்கும் நீலப்பூவின் விதைகள் எட்டு வாரம் தூங்க வேண்டியிருந்தது. அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா அனுப்பியவை. "குளிர்ல வச்சாத்தான் முளைக்கும். வேர் பிடிச்சா வருசா வருசம் பூக்கும். நம்ம வாசல்ல பூக்கட்டும், அன்னிக்கே பிளேன் ஏறுறேன்" என்று எழுதியிருந்தாள். அக்கா விளையாட்டாக எழுதினாள். அம்மா நாள் குறித்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு வயதில் நான்தான் விதைகளுக்குப் பொறுப்பு. பள்ளித் தோட்டத்தில் கத்தரிச் செடியையே காயவிட்ட கைராசிக்காரி நான் என்பது வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மதியம் வந்து டப்பாவைத் தொட்டால் மணல் வெதுவெதுப்பாக இருக்கும். ஐஸ் பெட்டி கெட்டுவிட்டது என்று அப்பாவிடம் சொல்லித் திட்டும் வாங்கினேன்.

ஒரு நாள் பள்ளி சீக்கிரம் விட்டது. வீட்டுக்கு வந்தால், டப்பா அடுப்பு மேடையில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில், துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! அம்மாவுக்கு வேலை தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றங்காலில். செம்பனை விதையை வாரக்கணக்கில் "சூட்டு ரூமில்" வைத்தால்தான் முளைவிடும்.

"ஏம்மா, அக்கா குளிர்லதானே வைக்கச் சொன்னுச்சு!"

"போடி, பெரிய மண்டோரு வந்துட்டா, என்னை வேலை ஏவ! எத்தனை விதைய முளைக்க வச்ச கை இது. ஐஸ்ல வச்சா மீனு கெடாது, விதை முளைக்குமா? சூடு குடு, சீக்கிரம் வந்துரும்லா."

விதையைச் சொன்னாளா, அக்காவைச் சொன்னாளா? எங்கள் பேச்சில் இரண்டுக்குமே "வந்துரும்"தான்.

அதன்பிறகு நான் உள்ளே வைப்பதும் அவள் வெளியே எடுப்பதுமாக இருந்தோம். கடைசியில் ஒரே ஒரு முளை வந்தது. அம்மா அண்டை வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். இலை விரிந்தபோதுதான் தெரிந்தது, பப்பாளி. மணலை நான் அள்ளியது குளியலறைக்குப் பின்னால், பப்பாளி மரத்தடியிலிருந்து. அம்மா அதற்கும் தண்ணீர் ஊற்றினாள்.

இன்று எங்கள் வரிசை வீடுகளின் லயம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி. நாற்றங்காலும் இல்லை, பப்பாளியும் இல்லை. அக்கா வந்தது ஒரே தடவை, அப்பா காரியத்துக்கு. இப்போது அவளுக்கு முழங்கால் வலியாம். ஆனால் விதை மட்டும் வருடம் தவறாமல் லோபாக்கிலுள்ள என் வீட்டுக்கு வந்துவிடுகிறது. இன்று காலையிலும் டப்பாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால், அது ரைஸ் குக்கர் மேல். பக்கத்தில் நாற்காலி போட்டு அம்மா காவல்.

எடுத்து உள்ளே வைக்கத் தெம்பில்லை. ஒரு துண்டை எடுத்துப் போர்த்திவிட்டேன்.