நூற்றெண்பத்தேழில் தொடங்கும் பெண்கள் பக்கம்

செமஸ்டர் லீவில் வாப்பா எனக்குக் கொடுத்த ஒரே வேலை, அவருடைய ஹார்ட் டிஸ்கில் குவிந்து கிடந்த போட்டோக்களை ஒழுங்குபடுத்துவது. துபாயை முடித்துக்கொண்டு அதிராம்பட்டினத்துக்கே வந்துவிட்டவருக்கு வீட்டில் பொழுது போகவில்லை. நானோ கம்ப்யூட்டர் சயின்ஸ். அரை நாள் மேட்டர் என்று அலட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உள்ளே போனால் ஒரே கந்தரகோளம். ஒரே பெயரில் ஏழெட்டு ஃபைல். கேமரா தானாகவே நம்பர் போட்டுப் பெயர் வைக்கும்; கார்டைத் துடைத்துவிட்டால் சில கேமராக்கள் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். கோடியக்கரைக்கு மான் பார்க்கப் போனதும் நம்பர் ஒன்று, வாப்பாவின் ரூம் மேட் பிரியாணி கிண்டியதும் நம்பர் ஒன்று. அதனால் ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். முதலில் எடுத்த தேதியையும் இடத்தையும் பெயருக்கு முன்னால் ஒட்டுவது. அதற்கப்புறம்தான் ஒரே ஃபோல்டரில் சேர்ப்பது. 'இதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றிவிடவா?' என்று மெஷின் கேட்டால், இரண்டையும் வைத்துக்கொள் என்று சொல்லிவிடுவது.

இப்படியே லாத்தாவின் கல்யாண ஃபோல்டருக்கு வந்து சேர்ந்தேன்.

அக்காவை நாங்கள் லாத்தா என்போம். அவள் கல்யாணத்தின்போது நான் ஸ்கூல் பையன். வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தான் வருவதற்குப் பதில் இரண்டு கேமராக்களை அனுப்பினார். ஒரே மாடல், ஒரே கலர், பிரிக்காத டப்பா. எங்கள் ஊரில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பெண்கள் பக்கம் ஸ்டுடியோக்காரர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. ஆகவே ஆண்கள் பக்கக் கேமரா மாமாவிடமும், பெண்கள் பக்கக் கேமரா உம்மாவின் தங்கையான சாச்சியிடமும் போயின. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. யாரும் எதையும் பார்ப்பதற்குள், மறுநாளே துபாய் கிளம்பிய ஊர்க்காரரின் பையில் இரண்டு கார்டுகளும் விமானம் ஏறிவிட்டன.

நாலு நாள் கழித்து வாப்பா போன் செய்தார். பக்கத்து அறைக்கே கேட்டது.

"மாப்பிள்ளைய பாத்துட்டேன். மாமன், மச்சான் எல்லாரையும் பாத்துட்டேன். சஹன் தட்டச் சுத்தி நாலு நாலு பேரா உக்காந்து கறியப் பிச்சுத் திங்கறத நூறு தடவ பாத்துட்டேன். எம் புள்ள எங்க?"

பெண்கள் பக்கம் என்று அவருக்குக் கிடைத்தது முப்பது சொச்சம் படங்கள்தான். செருப்புக் குவியல், காலித் தட்டுகள், தூங்கி விழும் குழந்தைகள். எல்லாம் லாத்தா புருஷன் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு எடுத்தவை.

சாச்சி போனை வாங்கி, "நெறைய எடுத்தேன் மச்சான். நிக்க வச்சு, உக்கார வச்சு, ஊஞ்சல்ல வச்சு எடுத்தேன்" என்றார்.

"பட்டன அமுக்கினியா, இல்ல சும்மா கண்ணுல வச்சுப் பாத்தியா?"

அதோடு சாச்சியின் பெயர் கெட்டது. எந்த விசேஷத்தில் கேமரா வெளியே வந்தாலும் யாராவது ஆரம்பிப்பார்கள்: "அவகிட்ட குடுத்துடாதீங்கப்பா, செருப்பத்தான் எடுப்பா." தன் மகள் கல்யாணத்துக்கே சாச்சி தஞ்சாவூரிலிருந்து ஒரு லேடி போட்டோகிராபரை வரவழைத்தார். அந்தக் கல்யாணத்தில் அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

இப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஃபோல்டரைத்தான். ஆண்கள் பக்கம் ஒன்றில் தொடங்கி நூற்றெண்பத்தாறில் முடிந்தது. பெண்கள் பக்கத்தின் முதல் படமே நூற்றெண்பத்தேழு. டப்பா பிரித்த புதுக் கேமரா எப்படி நூற்றெண்பத்தேழில் எண்ண ஆரம்பிக்கும்?

"வாப்பா, ரெண்டு கார்டையும் ஒரே ஃபோல்டர்லயா போட்டீங்க?"

"ஆமா. கல்யாணம் ஒண்ணுதானே."

"மொதல்ல எது?"

"பொம்பளைங்க கார்டுதான். எம் புள்ளையத்தானே மொதல்ல பாக்கணும். ஆனா கம்ப்யூட்டர் ரூம் மேட்டோடது. அவன் டூட்டிக்குப் போவணும்னு பக்கத்துலயே நிக்கிறான். சரி, எல்லாத்தையும் ஏத்திட்டு அப்புறம் பாப்போம்னு ரெண்டாவதையும் போட்டேன்."

"அப்ப ஏதாவது கேட்டுச்சா?"

"என்னமோ இங்கிலீஷ்ல கேட்டுச்சு. எஸ் குடுத்தேன்."

"கார்டு?"

"தொடச்சுத்தானே திருப்பி அனுப்பினேன். புதுசாட்டம் இருக்கணும்ல."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கண்டுபிடித்த ஜோரில் மடமடவென்று சொல்லிவிட்டேன். ரெண்டு கார்டிலும் ஒன்று, ரெண்டு என்று ஒரே பெயர்கள். நீங்கள் எஸ் கொடுத்ததும் லாத்தா இருந்த இடத்தில் எல்லாம் சஹன் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆண்கள் படம் தீர்ந்துபோனதால் சாச்சியின் கடைசிப் படங்கள் மட்டும் தப்பின.

வாப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"திரும்ப எடுக்க முடியாதா? நீ படிக்கிற படிப்புல?"

"முடியாது வாப்பா. அந்தக் கார்டுங்களே எங்க இருக்குன்னு தெரியாது."

பிறகு முத்துப்பேட்டையில் இருக்கும் சாச்சிக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சலாம் மச்சான். சுகர் எப்படி இருக்கு?"

"அது கெடக்கு. நீ ஒழுங்காத்தான் எடுத்திருக்கே. நான்தான் அழிச்சுப்புட்டேன்."

"எத?"

"எம் மவ கல்யாண போட்டோவ."



"நெசமாவா?"

"உன் அக்கா மவன் கம்ப்யூட்டர்ல காட்டுறான்."

"எங்க வீட்டுக்காரவுக இருக்கறப்ப தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கடைசி வரைக்கும் அவுகளும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக." அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

வாப்பா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அவ எப்படி இருந்தா? நீதானே கிட்ட நின்னு பாத்தே. சொல்லு, கேப்போம்."

"இருந்தா… செவப்புப் பட்டு. தலை நெறையப் பூ. ஊஞ்சல்ல…" சாச்சி நிறுத்தினார். "பொய் சொல்ல மாட்டேன் மச்சான். ஊஞ்சல்ல சிரிச்சது அவளா, எம் மவளான்னு இப்பத் தெரியல. அதுக்கப்புறம் எத்தன கல்யாணம் பாத்தாச்சு. அந்த வாரமே கேட்டிருந்தீங்கன்னா ஒண்ணு விடாம சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல."

"ஆமா," என்றார் வாப்பா. "கேக்கல."

போனை என் பக்கம் நகர்த்தினார், நீ பேசு என்பதுபோல. போனைக் கையில் எடுத்தேன். சாச்சிதான் கேட்டார், "சாப்ட்டியாடா?"