பாண் வண்டிக்குப் பின்னால் ஒரு தவக்காலம்

என் மனைவி என் முதுகில் மூன்று தரம் குத்தினாள். தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன்.

கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவள் ஒரு பாட்டுக்கும் தாளம் போட்டதில்லை. அதை நான் அந்த நேரத்தில் யோசித்திருக்க வேண்டும். ஆனால் ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதிலும் இயர்போன் இருந்தது, வயலின் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் இவளுக்கும் ரசனை வந்துவிட்டது என்று மனம் குளிர்ந்து இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அதன் பிறகுதான் நடுவீதியில் நின்ற கழுதையைக் கண்டேன். மன்னாரில் கழுதைகள் யாருக்கும் விலகுவதில்லை, நாங்கள்தான் விலக வேண்டும். நான் விலகினேன். மோட்டார் சைக்கிள் மணலுக்குள் இறங்கிச் சரிந்து படுத்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுடைய மதியச் சாப்பாட்டு மீன்குழம்பு முழுவதும் அவள் சேலையில். அந்தச் சேலையோடுதான் அன்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள்.

அவள் அரிப்பு என்கிற ஊரில் ஆசிரியை. நான் வேலை செய்யும் கந்தோரும் அந்தப் பக்கம். மன்னார்த் தீவில் தாராபுரத்துக்குக் கிட்ட இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பாலம் தாண்டி அவளை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது என் அன்றாட வேலை. வேலை என்று சொல்வது பொய். பின்னால் அவள், காதில் பாட்டு, பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். முழு நாளிலும் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

கழுதைச் சம்பவம் நடந்த அடுத்த கிழமை விபூதிப் புதன் வந்தது. தவக்காலத்தின் நாற்பது நாளும் ஆளுக்கு ஒன்றை விட்டு ஒறுத்தல் செய்வது எங்கள் கத்தோலிக்க வழக்கம். சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் சாராயத்தை. முந்தின வருடம் நான் பாவற்காயை விட்டிருந்தேன். எனக்குப் பாவற்காய் பிடிக்காது என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் நன்றாகத் தெரியும்.

நெற்றியில் சாம்பலோடு கோவில் வாசலில் நின்று அவள் சொன்னாள்:

"இந்த முறை மோட்டார் சைக்கிள்ல பாட்டுக் கேக்கிறதை விடுங்கோ. ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ, நான் பஸ்ஸில போறன். பிறகு உங்களுக்குப் பின்னால ஏறமாட்டன்."

அவள் சொன்னால் செய்கிற ஆள்.

"நீர் என்னத்தை விடப்போறீர்?" என்று கேட்டேன்.

"உங்களை ஏசுறதை."

எனக்கு இது நல்ல லாபமான பேரமாகத் தெரிந்தது. உடனே ஓம் என்றேன்.

பாட்டில்லாத முதல் நாள்தான் என் மோட்டார் சைக்கிளின் சொந்தக் குரலைக் கேட்டேன். செயின் முனகியது. பின் மட்கார்ட் பல்லை நறநறவென்று கடித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் எங்கோ ஒரு ஆணி தன் கஷ்டத்தைச் சொன்னது. நான் வாய்க்குள் முணுமுணுத்தால் பின்னாலிருந்து ஒரு விரல் தோளில் தட்டும். அதோடு சரி, ஒரு பேச்சும் இல்லை.

வீட்டிலும் பேச்சு இல்லை. ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டேன். அவள் மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள், சிலுவை போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். இரண்டாம் கிழமை அந்த அமைதி எனக்கு ஒத்துவரவில்லை. வேண்டுமென்றே அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சாத்தியிருந்தது.

அந்த நிலைமையில்தான் ஒரு சனிக்கிழமை, தனியாகக் கடைக்குப் போகும்போது, வீடு வீடாகப் பாண் ரொட்டி விற்கும் ஓட்டோ என்னைக் கடந்து போனது. அதன் கூரையில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அதிலிருந்து ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. வேறு நாட்களில் அதைக் கேட்டால் காதைப் பொத்துவேன். அன்று எனக்குக் கண் கலங்கியது. பாட்டு என்னுடையதல்ல, போன் என்னுடையதல்ல, காதில் ஒன்றும் இல்லை. ஒறுத்தல் முறிய வழியே இல்லை என்று தீர்மானித்து அதன் பின்னால் போனேன்.

பாண் வண்டி ஒவ்வொரு வீட்டு வாசல் படலைக்கும் நிற்கும். நானும் நின்றேன். தாராபுரத்து ஒழுங்கைகள் எல்லாம் அப்படி நின்று நின்று சுற்றினோம். கடைசியில் பாண்காரர் இறங்கி வந்தார்.

"சேர், வெக்கப்படாமச் சொல்லுங்க. என்ன வேணும்?"

பாட்டு வேண்டும் என்றா சொல்வது? மீன் அடைத்த பணிஸ் ஏழு வாங்கினேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் மேசையில் இருந்த ஏழையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், சிலுவை போட்டாள். அடுத்த சனிக்கிழமையும் ஏழு.

மூன்றாம் சனிக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்த நேரம் பாண்காரர் எங்கள் படலைக்கே வந்துவிட்டார். "சேர் இன்னைக்கு வரல்லையா? பாட்டைக் கேட்டுக்கிட்டே பின்னால வருவாரே" என்று அவளிடம் கேட்டது குளியலறைக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தலையில் சவர்க்காரத்தோடு அப்படியே நின்றேன்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாட்டு யாருடையது, வண்டி யாருடையது என்று ஒரு வழக்கே தயாராக வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தாள்.

பின்சீற் வெறுமையாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே. பஸ் புறப்பட்டதும் ஓடிப்போய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

இப்போது பாருங்கள் என் விதியை. அந்த பஸ் யன்னல் எல்லாம் அதிரச் சினிமாப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடியது. அதிலும் எனக்கு உயிரான பாட்டு. கடைசி இருக்கையிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் என் தலை தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்காகத்தான் வருகிறேன், பாட்டுக்காக இல்லை என்று எப்படிக் காட்டுவது? ஒரே வழிதான் இருந்தது. ஹோர்ன் அடித்து பஸ்ஸை முந்தினேன். பாட்டுக் கேட்காத தூரத்துக்குப் போய் நின்றேன். பஸ் கிட்ட வந்து மேளச் சத்தம் காதில் விழுந்ததும் திரும்ப எடுத்து ஓடினேன். பாலம் தாண்டி, அரிப்பு வரும் வரைக்கும், பேய் துரத்தியவன்போல இப்படியே ஓடுவதும் நிற்பதுமாகப் போனேன்.

பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கினாள். நேரே என்னிடம் வந்தாள்.

"ஹெல்மெட் எங்க?"

தலையைத் தடவிப் பார்த்தேன். அவசரத்தில் மறந்திருந்தேன்.

அதோடு அணை உடைந்தது. ஹெல்மெட்டில் தொடங்கி, பதினான்கு பணிஸ், அலுமாரிக் கதவு, ஈரத் துவாய், மீன்குழம்புச் சேலை, கழுதை வரைக்கும் பின்னோக்கி ஒன்றும் மிச்சம் விடாமல் ஏசினாள். பிள்ளைகள் படலையில் வரிசையாக நின்று பார்த்தார்கள். நடுவில் திடீரென்று நினைவு வந்து வாயைப் பொத்தினாள்.

"என்ர ஒறுத்தலும் முறிஞ்சுது," என்றாள்.

"அப்ப ரெண்டு பேரும் சரி," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டக்கூடாது என்று திரும்பி நடந்தாள். "பின்னேரம் வாங்கோ. ஹெல்மெட்டோட வாங்கோ."

கந்தோரில் இரவல் வாங்கிய ஹெல்மெட் என் மூக்கு வரை இறங்கியது. அதோடு போய் நின்றேன். அவள் பின்னால் ஏறினாள்.

"ஒறுத்தலை நாளைக்குத் திரும்பத் தொடங்குவம். இண்டைக்கு இன்னும் கொஞ்சம் கிடக்கு," என்று சொல்லிவிட்டு, காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

செயின் முனகியது, மட்கார்ட் நறநறத்தது, அவள் ஏசிக்கொண்டே வந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. பாலத்தில் ஏறியதும் முதுகில் மூன்று தரம் குத்தினாள். உடனே பிரேக் பிடித்து நின்று முன்னும் பின்னும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கழுதையும் இல்லை.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. கேக்கிறீங்களோ எண்டு பாத்தனான். எடுங்கோ, போவம்."