முனாஸ் பண்டாரி பூ பார்க்கப் போனது

மாவு பூசி அடைத்த புரியாணிச் சட்டியின் பக்கம் குனிந்து, சூடு படாத தூரத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார் முனாஸ் பண்டாரி. கலியாண வீட்டுப் பின்முற்றத்தில் வெங்காயம் உரிப்பவர்களும் தேங்காய் துருவுபவர்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள். "சத்தம் போடாதீங்க, சோறு கதைக்குது," என்பார். உள்ளே நீர் வற்றும்போது ஒரு ரீங்காரம் எழும். அது மெலிந்து அடங்கும் நொடியில் கையை உயர்த்துவார். உடனே நெருப்பை இழுத்துவிடுவார்கள். மூடியைத் திறந்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்து கிடக்கும் சோறு.

பண்டாரி என்றால் விருந்துச் சமையற்காரர். திகனையில் வீடு. கண்டி டவுனைத் தாண்டி பிலிமத்தலாவை, கடுகண்ணாவை வரைக்கும் முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களுக்கு இவரைக் கேட்டுத்தான் நாள் குறிப்பார்கள். சமையற்காரர் என்று நம்ப முடியாத அளவுக்கு ஒல்லி. இடது புருவத்தில் பாதி எப்போதோ நெருப்பில் போனது, திரும்ப முளைக்கவேயில்லை. ஆவி படாமலிருக்க போனை வெற்று ஏலக்காய் டின்னுக்குள் வைத்திருப்பார். அது அடிக்கும்போது டின்னோடு சேர்ந்து அதிரும். ஊரே புரியாணி தின்று போன பிறகு, பாண் ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்பார். கலியாண மண்டபங்களின் முன்பக்கம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மேடையில் உட்கார்ந்திருக்கும் மணமகளை ஒருநாளும் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகள், அம்னா. கண்டியில் ஒரு வங்கியில் வேலை. சில வருடங்களுக்கு முன் இறைச்சியை விட்டாள். பிறகு மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டாள். "எனக்கு ஏலாமப் போச்சு வாப்பா. நீங்க ஆக்குறதுல பிழயொண்டும் இல்ல," என்று மட்டும் சொன்னாள். அஹ்னாப் என்ற பையனோடு கலியாணம் பேசி முடிந்ததும் அவள் இன்னொன்றையும் சொன்னாள்: அவளுடைய விருந்தில் இருக்கிற எல்லாமே அவளும் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும். வருகிற எல்லோருக்கும் அதுதான்.

"பண்டாரிட மகள்ட கலியாணத்துல எறச்சி இல்லயா? ஊரு என்னத்த செல்லும்?" என்று கேட்ட முனாஸ், மெதுவாகச் சொன்னார்: "வேற ஆளப் புடிச்சிக்கோங்க. என்ட சட்டி அதுக்கு ஏறாது."

அன்றிலிருந்து வாப்பாவும் மகளும் பேசுவது மனைவி அனீஸாவின் வழியாகத்தான். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "உங்கட மகள்ட செல்லுங்க, லைட்ட நூக்கச் செல்லி," என்பார். அம்னா எழுந்து போய் லைட்டை அணைப்பாள்.

இந்த ஏப்ரல் வெயிலில் அம்னா ஒரு வேலை செய்தாள். தெல்தெனியாவுக்கு மேலே, சுந்தரலிங்கமும் அவர் மனைவி கலாராணியும் நடத்தும் பூத்தோட்டத்தில் சனி ஞாயிறு தங்குவதற்கு அறை எடுத்துவிட்டாள். இருவரும் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்துப் பூச்செடி போட்டவர்கள். சாப்பாடு முழுக்க வீகன். அது என்ன என்று முனாஸ் கேட்டதற்கு, "உங்கட மகள் தின்ற சாப்பாடு," என்றாள் அனீஸா. ஏலக்காய் டின் அதிர்ந்தபோதெல்லாம் அவளே எடுத்து, "இந்தச் சனி அவருக்கு ஏலா," என்று கலியாணக்காரர்களைத் திருப்பி அனுப்பியிருந்தாள். பெருநாள் கழிந்த கலியாணக் காலம் அது. வாலிப வயதிலிருந்து, சனி ஞாயிறு என்றால் நெருப்பின் முன்னால் நின்ற மனிதர், குற்றவாளியைப் போல வேனில் ஏறி உட்கார்ந்தார்.

வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். கடைசி வளைவில் வேன் நின்றது. இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

சரிவு முழுக்கச் சூரியகாந்தி. காலை வெயிலைப் பார்த்து, ஒரே பக்கம் முகம் திருப்பி, ஆள் உயரத்துக்கு நின்றன. அதற்குக் கீழே செவ்வந்தி, அதற்கும் கீழே ஜினியா, மஞ்சளும் வெள்ளையும் சிவப்புமாகப் பாய் விரித்ததுபோல இறங்கி, தூரத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீலத்தில் போய் முடிந்தன. முதுகுப் பக்கம் நக்கிள்ஸ் மலை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது.

பூவை அவர் பார்க்காதவரல்லர். விருந்து முடிந்த மண்டபங்களின் பின்னால், காகிதத் தட்டுகளோடும் எலும்புகளோடும் குப்பையில் வாடிக் கிடக்கும் பூவை வாரா வாரம் பார்த்திருக்கிறார். வேரில் நிற்கும் பூவை இத்தனை சேர்த்துப் பார்த்ததில்லை.

"எங்கட வீட்டுலேருந்து ஒரு மணித்தியாலம்கூட இல்ல," என்றார் யாரிடமென்று இல்லாமல். "இவ்ளோ கிட்டயா ஈந்திச்சி?"

வரப்பருகே செருப்பைக் கழற்றினார். முள்ளிருக்கும் என்று சுந்தரலிங்கம் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. செடிகளுக்கு நடுவே பத்தடி போனதும் நின்று, பின்னால் வந்த அனீஸாவை வர வேண்டாமென்று கையால் தடுத்தார். தலையைச் சாய்த்தார். பூவுக்குப் பூ தேனீக்கள். சரிவு முழுவதும் ஒரே ரீங்காரம், ஏறாமல், இறங்காமல்.

"கேக்குதா? தம்முல வச்ச சட்டி மாதிரி ஈக்கி." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அடுப்பு இல்ல. வெறகு இல்ல. ஆள் ஒண்டு இல்ல. சுப்ஹானல்லாஹ்."

அந்தச் சத்தம் அடங்கும் நொடிக்காகப் பழக்கத்தில் காத்திருந்தார் போலும். அது அடங்கவேயில்லை. நடுப்பகல் லுஹர் நேரம் வந்ததும் தோள் துவாயை அங்கேயே மண்ணில் விரித்துத் தொழுதார். எழுந்து வந்தபோது தொப்பியெல்லாம் மகரந்தம். தட்டிவிடப் போன அனீஸாவின் கையை விலக்கினார். "ஈக்கட்டும்."

பகல் சாப்பாட்டுக்கு மேசையில் சிவப்பரிசிச் சோறு, கஜு முந்திரிக் கறி, வல்லாரைச் சம்பல், மண்சட்டியில் கருத்த நிறத்தில் ஒரு கறி. முனாஸ் அதில் ஒரு துண்டை எடுத்து விரலால் பிய்த்தார். நார் நாராக வந்தது. கை நின்றுவிட்டது.

"இதென்ன எறச்சி?"

கலாராணி சிரித்தாள். "பொலஸ்ங்க நானா. பிஞ்சுப் பலாக்காய். நேத்தே மண்சட்டியில ஏத்தி, தணல்லயே வச்சிருந்தேன்."

"எடையில தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தலங்க. தேங்காப்பாலு மட்டுந்தான். கொறக்காப்புளி போட்டு, வாழையிலையால மூடிருவேன்."

குனிந்த தலை நிமிராமல் தின்றார், மறுசோறு கேட்டு வாங்கினார். அம்னா தன் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். கடைசியில் வட்டிலப்பம் வந்தது. தேங்காய்ப்பாலும் கித்துல் கருப்பட்டியும் கடற்பாசியும் சேர்த்து, வழக்கமாகச் சேர்க்கும் முட்டை இல்லாமல் செய்தது. ஒரு கரண்டி வாயில் வைத்து வெகுநேரம் யோசித்தார்.

"இது வட்டிலப்பம் இல்ல," என்று தீர்த்துச் சொன்னார். கலாராணியின் முகம் சுருங்கியது. "ஆனா நல்லா ஈக்கி. இன்னம் கொஞ்சம் வைங்க."

ஞாயிறு காலை அம்னா எழுந்தபோது வாப்பாவின் செருப்பு வாசலில் இல்லை. பூவுக்குள் போய்விட்டார் என்று நினைத்துச் சரிவுக்கு ஓடினாள். பனிக்குள் சூரியகாந்திகள் மட்டும் நின்றன. திரும்பி வரும்போது சமையலறைப் புகைபோக்கியில் புகை கண்டாள்.

உள்ளே, அடுப்பின் முன்னால் பலகையில் குந்தியிருந்தார் முனாஸ். பலாப்பால் ஒட்டாமலிருக்கக் கையில் முழங்கை வரைக்கும் தேங்காயெண்ணெய். பொலஸ் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. கலாராணி பக்கத்தில் நின்றாள்.

"ஒரு கலியாணத்துக்குக் காணுற அளவுக்கு ஆக்கினா, துண்டு கரையாம நிக்குமா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியலங்க நானா. அவ்வளவு பெரிய சட்டி எங்ககிட்ட ஏது?"

"சட்டி எனக்கிட்ட ஈக்கி."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்னாவை அப்போதுதான் கண்டார். "உம்மாட்ட செல்லுங்க..." என்று தொடங்கினார். அனீஸா அங்கே இல்லை. அகப்பையைச் சட்டிக்குள் விட்டார். சற்று நேரம் குழம்பையே பார்த்துக் கிளறினார்.

"மகள்," என்றார். "இங்க வா. கையக் காட்டு."

அவள் வந்து குந்தி, உள்ளங்கையை நீட்டினாள். அகப்பை நுனியில் கொஞ்சம் குழம்பை எடுத்து, இரண்டு தடவை ஊதி ஆற்றி, அந்தக் கையில் விட்டார். அவள் அதை நாக்கில் வைத்து உப்புச் சரியா என்று சொல்லும்வரை, அகப்பையை இறக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.