இரண்டு தட்டு, ஒரு தட்டு

நம்ப மாட்டேன் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இது நடந்தது. ரக்னாவுக்கு நடந்தது. வடக்கு நார்வேயில் என்னோடு ஒரே மீன் ஆலையில் பல வருடம் வேலை பார்த்தவள் அவள். கதை கட்டவெல்லாம் அவளுக்குத் தெரியாது. நேற்று என்ன சமைத்தாய் என்று கேட்டால் "மீன்" என்பாள். பேச்சு அதோடு முடிந்தது. அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் முழுக்க என் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவள் புருஷன் ஹல்வார்த் மே மாதம் இறந்துபோனான். இதயம். மருத்துவமனையில் இரவும் பகலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை, போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள் என்று நர்ஸ்தான் கீழே அனுப்பினாள். காபியோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போய் வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, ஏழு மாதம் அப்படியே ஓடிவிட்டது.

அவர்களிடம் ஒரு பழைய கேரவன் இருந்தது. படுக்கை, அடுப்பு, ஹீட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதை மேட்டு ஏரிக்கு ஓட்டிப்போய், பனியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். இனி அதை யார் ஓட்டுவது? மகன் சிந்த்ரே அதை வாங்க ஆள் பார்த்துவிட்டான். திங்கட்கிழமை வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி அதில் அந்த ஏரிக்கரையில் தூங்க வேண்டும் என்றாள் ரக்னா. மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. சனிக்கிழமை கிளம்பிவிட்டாள்.

அங்கே கரண்ட் கிடையாது. போனில் சிக்னலும் கிடையாது. இருப்பது கியாஸ் ஹீட்டர் ஒன்றுதான். அன்றைக்கு மைனஸ் இருபத்தெட்டு. ஜன்னலுக்கெல்லாம் பஞ்சு வைத்த பாய்களை அழுத்தி ஒட்டினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தடித்த திரையை இழுத்துவிட்டாள். கதவின் அடியில் கம்பளியைச் சுருட்டி வைத்தாள். காற்றுப்போக்கியை மட்டும் மூடவில்லை. அதை மூடினால் காலையில் பிணமாகத்தான் எடுப்பார்கள் என்று ஹல்வார்த் ஒவ்வொரு முறையும் சொல்வான்.

சற்றுத் தள்ளி இன்னொரு கேரவன் நின்றது. எய்லிவ் என்பவனுடையது. அவனும் அவன் மனைவியும் வருடா வருடம் அங்கே வருகிறவர்கள்தான். கை காட்டினாள், அவர்களும் காட்டினார்கள். அதற்குள் பனிப்புயல் இறங்கிவிட்டது.

ராத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். டிசம்பரில் அந்தப் பக்கம் சூரியன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மதியம் இரண்டுக்கே கும்மிருட்டு. இது தொடங்கியபோது சாயங்காலம் ஐந்தே கால். ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துக்கொண்டிருந்தாள்.

டிக்... டிக்... டிக்...

ஹீட்டர் அணைந்தது.

சிலிண்டர் காலி. அந்தக் குளிரில் கியாஸ் இரண்டு மடங்கு தீரும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் வெளியே போய்ச் சிலிண்டர் மாற்றுவது என்றைக்குமே ஹல்வார்த்தின் வேலை. வண்டியின் பக்கவாட்டில், படுக்கைக்கு நேர் கீழே வெளிப்பக்கமாகச் சிலிண்டர் பெட்டி. உள்ளே எப்போதும் இரண்டு சிலிண்டர் இருக்கும். ஒன்று தீர்ந்தால் அவன் இறங்கிப் போய்க் குழாயை அடுத்ததில் மாட்டுவான். மாட்டியதும் சுவரில் இரண்டு தட்டு. இவள் உள்ளே ஹீட்டரைப் பற்றவைத்துவிட்டுத் திருப்பி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எரிகிறது, எல்லாம் சரி, நீ நகரலாம் என்று அர்த்தம். அந்த ஒரு தட்டு கேட்கும்வரை அவன் அந்தக் குளிரில் அப்படியே நிற்பான். ரொம்ப நேரம் கேட்காவிட்டால் பதறிப்போய் உள்ளே வந்துவிடுவான்.

அந்தச் சிலிண்டர் நட்டு வேறு ஏறுமாறானது. மற்ற நட்டெல்லாம் கழலும் பக்கம் இது இறுகும். ஹல்வார்த்துக்கு அது கடைசிவரை பிடிபடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கம் திருகிவிட்டு, நட்டின் பரம்பரையையே திட்டிவிட்டு, அப்புறம் சரியான பக்கம் திருகுவான். இவள் உள்ளே போர்வைக்குள் படுத்துச் சிரிப்பாள். உள்ளே வந்ததும், மறுபடியும் தப்பான பக்கமா என்று கேட்பாள். அது அவர்களுக்குள் தீராத கேலி.

இப்போது போக ஆளில்லை. சரி, நாமே போவோம் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளினாள். அசையவில்லை. வெளியே பனி இடுப்பளவு குவிந்துவிட்டது. முன்னால் ஓட்டுநர் பக்கக் கதவின் ரப்பரும் உறைந்து ஒட்டிக்கொண்டது. தோள் வலிக்க முட்டிப் பார்த்தாள். கத்திப் பார்த்தாள். புயல் அதை விழுங்கிவிட்டது.

ஆறு மணிக்கு மூச்சு புகையாக வந்தது.

ஆறரைக்குத் தண்ணீர்க் குடத்தில் பனி ஏடு கட்டியது.

இருந்த போர்வை எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு படுக்கையில் சுருண்டாள். கால் மரத்துப்போனது. பிறகு குளிர்கூடத் தெரியவில்லை, தூக்கம் தூக்கமாக வந்தது. அது நல்ல தூக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், போனால் போகட்டும் என்று இருந்ததாம்.

அப்போது...

கிரீச்.

படுக்கைக்குக் கீழே. சிலிண்டர் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம்.

எய்லிவ்தான் வந்திருக்கிறான், கடவுளே நன்றி என்று நினைத்தாள். ஆனால் அந்தக் குளிரில் பனியை மிதித்தால் கறுக் கறுக் என்று கேட்கும். யாரும் நடந்து வந்த சத்தமே இல்லையே?

ஸ்பானர் நட்டில் உரசியது.

திருகியது. இறுகியது. நின்றது.

ஒரு முணுமுணுப்பு. வார்த்தை புரியவில்லை. திட்டுகிற தொனி மட்டும் புரிந்தது.

பிறகு மறுபக்கம் திருகியது...

ரக்னா எழுந்து உட்கார்ந்தாள். எய்லிவ் கியாஸ் வேலை பார்க்கிறவன். அவன் கை அந்தத் தப்பைச் செய்யாது.

டொக். டொக்.

கை தானாகப் போய்ப் பொத்தானை அழுத்தியது. குப்பென்று நீலச் சுடர் பிடித்தது. சூடான காற்று காலில் பட்டது.

திருப்பித் தட்ட வேண்டும். கையைச் சுவர்வரை கொண்டுபோனாள்... நிறுத்தினாள்.

தட்டினால் போய்விடுவான்.

தட்டாவிட்டால்?

டொக். டொக்.

மடியில் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

வெளியே ஏதோ சுவரை உரசிக்கொண்டே நகர்ந்தது. தலைமாட்டிலிருந்து ஜன்னலுக்கு... ஜன்னலிலிருந்து கதவுக்கு.

கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.

உள்பக்கம் அந்த இரும்பில் வெள்ளையாகப் பனி பூத்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூத்தது.

தோளால் முட்டியும் அசையாத கதவு. இப்போது ஒரு விரல்கடை திறந்தது...

"மறுபடியும் தப்பான பக்கம் திருகினியா?" என்றாள்.

கதவு அப்படியே நின்றது.

யாரோ மூக்கால் சிரிக்கிற மாதிரி ஒரு மூச்சு. அவ்வளவுதான். ஆனால் அந்த இடுக்கு வழியாக வந்த குளிர் இருக்கிறதே, அது புயலின் குளிர் இல்லை என்றாள் ரக்னா. மே மாதம் அந்தக் கட்டிலில் அவள் தொட்ட கையின் குளிர். அதை மறக்க முடியுமா?

உள்ளே வா என்று சொல்ல வாய் துடித்தது. அவன் வந்தால் தானும் திரும்பிப் போவதில்லை என்று தெரிந்தது. அதற்கும் அவள் தயார்தான். தடுத்தது வேறு ஒன்று. பதில் கேட்காமல் அவன் நகர மாட்டான். ஏழு மாதமாக எங்கோ இப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறானோ, தன் ஒரு தட்டுக்காகக் காத்துக்கொண்டு? அந்த நினைப்பு வந்ததும் அழுகை பீறிட்டது.

"எரியுது ஹல்வார்த். நான் நல்லா இருக்கேன். குளிருது, நீ போய் வா."

சுவரில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கதவு மூடிக்கொண்டது. கைப்பிடி மேலே ஏறியது. இப்போது பனியில் காலடி கேட்டது. கறுக்... கறுக்... அது எய்லிவின் வண்டிப் பக்கம் போகவில்லை. ஏரியைப் பார்த்துப் போனது. தூரமாகி, தூரமாகி, நின்றுவிட்டது.

ஏழு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள். வண்டி கதகதவென்று இருந்தது.

காலையில் எய்லிவ் மண்வெட்டியோடு வந்து கதவைத் தோண்டித் திறந்தான். சாயங்காலம் வந்து உதவினாயே என்று இவள் சும்மா கேட்டு வைத்தாள். அவன் விழித்தான். அவன் கதவும் பனியில் மாட்டிக்கொண்டதாம், இப்போதுதான் ஜன்னல் வழியாகக் குதித்து வந்தானாம். பனியில் அவன் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. புயல் மூடியிருக்கும் என்றான்.

சரி, சிலிண்டரைப் பார்ப்போம் என்று பெட்டி இருந்த இடத்தில் பனியை விலக்கி மூடியைத் தூக்கினான். உள்ளே ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. எய்லிவ் குனிந்து பார்த்தான்.

"ரக்னா... இன்னொரு சிலிண்டர் எங்க?"

பெட்டியில் ஒரே சிலிண்டர். காலி. குழாய் அதிலிருந்து கழற்றப்பட்டு, எதிலும் மாட்டாமல் காற்றில் தொங்கியது. பெட்டிக்குள் புகுந்த பொடிப்பனி எங்கும் படிந்திருந்தது, ஓர் இடத்தைத் தவிர. அங்கே சிலிண்டர் அடிப்பாகம் அளவுக்கு ஒரு வட்டம் காய்ந்து கிடந்தது.

திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்ததும் மகனைக் கூப்பிட்டாள். அந்த முழுச் சிலிண்டரை அவன் இலையுதிர் காலத்திலேயே தன் மரவீட்டுக்கு எடுத்துப்போய்விட்டானாம். வேறு வாங்கி வைக்க வேண்டும் என்று நினைத்து மறந்தே போனானாம். ராத்திரி எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டு அழுதான்.

ரக்னா அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எய்லிவும் தானும் அந்தப் பெட்டி முன்னால் நின்றபோது நடந்ததை எனக்கு மட்டும்தான் சொன்னாள். தொங்குகிற அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே அவள் வண்டிச் சுவரில் கையை வைத்து, மெதுவாக, இன்னொரு முறை ஒரு தட்டுத் தட்டினாளாம்.

உள்ளே ஹீட்டர் அணைந்தது.